கூண்டுக்குள் ஆறு காவிளாய்

புத்தளம் பஸ் நிலையத்தில் என் பையைத் தூக்கிக் கீழே போட்ட நடத்துனருக்கு அதற்குள் தராசு இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் சிங்களம் தெரியாது. நான் தமிழில் கத்தி முடிப்பதற்குள் பை தரையைத் தொட்டுவிட்டது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி, கைக்குழந்தையைப்போல் கடல் தாண்டிக் கொண்டுவந்த தராசு அது. சிலாபம் வரை மடியில்தான் இருந்தது. அங்கே முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு பெரிய குடும்பம் ஏறியது. அவர்கள் கொண்டுவந்த பலாப்பழத்துக்கு இடம் வேண்டுமென்று நடத்துனரே என் பையைப் பிடுங்கி மேலே வைத்தார். பலாப்பழம் பத்திரமாக இறங்கியது.

அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். திரையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது. பயணம் தொடங்கிய முதல் நாளே இப்படி என்றால் மீதி நான்கு நாளும் எப்படி இருக்கும் என்று அப்போதே புரிந்திருக்கவேண்டும்.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி. நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி, அதில் ஒரே ஒரு கேள்வி. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகிறதே, அதனால் ஒரு காட்டுச்செடி அதிகம் காய்க்குமா, குறைவாகக் காய்க்குமா, அல்லது ஒன்றுமே ஆகாதா? நெல்லுக்கும் கோதுமைக்கும் இதைப் பார்த்துச் சொல்ல உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யாரும் உரம் வைக்காத, தண்ணீர் ஊற்றாத, பெயரைக்கூடக் கேட்காத செடிக்கு ஆளில்லை. அதனால் அது எனக்குக் கிடைத்தது.

செடிக்கு எங்கள் ஊரில் கொழுஞ்சி என்று பெயர். இங்கே காவிளாய். முழங்கால் உயரம், ஊதாப் பூ, தட்டையான சின்னக் காய். எங்கள் பக்கத்தில் அதைக் காய்க்க விடுவதில்லை, பூக்கும்போதே வெட்டி வயல் சேற்றில் மிதித்து உரமாக்கிவிடுவார்கள். இங்கே களப்பு என்று சொல்லும் கடற்கழியோரத்து மணலில் அது பாட்டுக்கு முளைத்து, பூத்து, வெடித்துச் சிதறுகிறது. இரண்டு நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் திட்டம் ஒன்றில் புத்தளத்தை அடுத்த கரைத்தீவில் எனக்குக் கொஞ்சம் மணல் ஒதுக்கினார்கள்.

அந்த மணலில் பன்னிரண்டு கூண்டுகள். கூண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கம்பி வளையத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்குப் பொலித்தீன், மேலே திறந்தபடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மழைக்குப் பிறகு தானாக முளைத்த ஒரு காவிளாய். ஆறு கூண்டில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவற்றுக்குக் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை சிலிண்டரிலிருந்து அந்த வாயுவைக் குழாய் வழியாக விடுவோம். ஆறு கூண்டில் வெள்ளைத் துணி. அவற்றுக்கு ஊரில் எல்லோருக்கும் கிடைக்கிற காற்றுதான். வாயுவைத் தவிர இரண்டு கூட்டத்துக்கும் வேறு எந்த வித்தியாசமும் இருக்கக்கூடாது. மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது.

சோடாவில் அடைக்கும் அதே வாயுதான். அதனால் ஊருக்கு நான் சோடா டீச்சர்.

முதல் வருடம் மூன்று மாதம் நானே கரைத்தீவில் கிடந்தேன். சிவப்புச் செடிகள் காய்த்துத் தள்ளின. வெள்ளையில் அதில் பாதிகூட இல்லை. துள்ளிக் குதித்தேன். இரண்டாம் வருடம் விடுப்புக் கிடைக்கவில்லை. ஹனீபா நாநா என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, தினமும் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் சிவப்பும் வெள்ளையும் அச்சு அசலாக ஒன்றுபோல் காய்த்தன. என் நெறியாளர் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா உண்மை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வருடத்துக் காய்தான் சொல்லவேண்டும். அதை எண்ணுவதற்குத்தான் வந்திருந்தேன்.

மறுநாள் காலை புத்தளத்துத் தில்லையடியில் என் அறைக்குக் கீழே இருந்த கடையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் ரொட்டியைக் காய்ச்சல் வந்தால்தான் தொடுவோம். இங்கே அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு, கையால் பிய்த்து, சம்பலில் அழுத்தி எடுத்தால் கண்ணில் நீர் வருகிறது. இந்தப் பயணத்தில் என்னை எரிச்சல்படுத்தாத ஒரே விஷயம் சாப்பாடு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"சோடா டீச்சர் தானே? எப்ப வந்தீங்க?"

"நேத்து."

"நான் ஒண்டு கேக்கவா? அந்தக் காஸ் குடுத்தா செடி நல்லா வளருதாமே. அப்ப காஸ் கூடுறது நல்லந்தானே? ஏன் டீவீல எல்லாரும் கூடுது கூடுதுண்டு அழுறாங்க?"

இந்தக் கேள்வியை விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். குடியேற்ற அதிகாரி கேட்டார். என் மாமியார் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"வளர்றது வேற, காய்க்கிறது வேற. ஒரு செடிக்கு நல்லதா இருக்கலாம், பக்கத்துச் செடியை அது அமுக்கிடலாம். வெயிலும் கூடவே ஏறுது. அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"மூணு வருசமாவா?" என்றார் அவர். பிறகு பள்ளம் ஒன்றில் வண்டியை இறக்கினார். தராசு ஏற்கெனவே செத்துவிட்டதால் நான் கவலைப்படவில்லை.

ஹனீபா நாநா வேலிப் படலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். குடும்பத்தோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தபோது பள்ளிக்கூடப் பையன். நெடுங்காலம் உப்பளத்தில் வேலை செய்து, முழங்கால் போனபிறகு இந்தக் காவல் வேலைக்கு வந்தவர். நாநா என்றால் இங்கே அண்ணன். அவர் மனைவி ரஹ்மாவை நான் தாத்தா என்று கூப்பிடவேண்டும், அப்படியென்றால் அக்கா. என்னைவிட நாலு வயது இளையவரை முதல் வருடம் அப்படிக் கூப்பிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"காஸ் ஒரு நாளும் நிக்கல்ல, டீச்சர். பெருநாளண்டைக்கும் தொழுதிட்டு வந்து தொறந்து விட்டன்" என்றார் முதல் வார்த்தையாக.

"கழுதை?"

"ரெண்டு தரம் வந்திச்சி. வெரட்டிட்டன்."

புத்தளத்துக் கழுதைகளுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, ஊரே சொந்தம். நடுச்சாலையில் நின்றால் பஸ்ஸும் நிற்கவேண்டும். அவற்றில் ஒன்று வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, நான் எண்ணத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

காய் எண்ணுவதைப்போல் சலிப்பான வேலை உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு கிளையாகப் பிடித்து, எண்ணிய கிளையில் நூல் கட்டி, அடுத்ததற்குப் போகவேண்டும். வெடித்த காயின் தோலையும் சேர்க்கவேண்டும். நடுவில் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் கணக்குப் போய்விடும். களப்பிலிருந்து வீசும் காற்று நூலைப் பறித்தது. பொலித்தீன் படபடவென்று அடித்தது. மணல் பல்லில் நறநறத்தது. நான் சிவப்பு ஆறையும் முடித்துவிட்டு வெள்ளைக்கு வந்தபோது உச்சி வெயில்.

வெள்ளை ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் சிவப்புச் செடிகளைப் போலவே காய்த்திருந்தன. வெள்ளை நான்கில் மட்டும் காய்கள் முடிவதாக இல்லை. மற்றவற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் எங்கோ ஒரே கிளையை இரண்டு தரம் எண்ணியிருக்கவேண்டும். நூலையெல்லாம் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

"டீச்சர், அதுல..." என்றார் ஹனீபா நாநா.

"நாநா, எண்ணும்போது பேசாதீங்க."

மறுபடியும் அதே எண்ணிக்கை. மூன்றாம் முறையும் அவிழ்த்தேன்.

"டீச்சர், நான் ஒண்டு சொல்ல..."

"நாநா, தயவுசெஞ்சு!"

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு, கழுதையை விரட்டப் போய்விட்டார். மூன்றாம் முறையும் எண்ணிக்கை மாறவில்லை. ஒரே மணல், ஒரே வெயில், ஒரே காற்று. இந்த ஒரு செடிக்கு மட்டும் என்ன கேடு? காரணம் தெரியாத எண்ணை அட்டவணையில் வைத்துக்கொண்டு அலைய முடியாது. வெள்ளை நான்கின் வரிசையைச் சிவப்பு மையால் அடித்து, 'ஐயத்துக்குரியது' என்று பக்கத்தில் எழுதினேன். அப்படி எழுதினால் ஆய்வாளருக்கு ஐயம் இருப்பதாக அர்த்தம், தவறு இருப்பதாக அர்த்தமில்லை.

மூன்றாம் நாள் விதைகளை எடைபோடத் தராசு தேடி அலைந்தேன். மருந்துக்கடையில் இல்லை. பலசரக்குக் கடையில் இருந்த தராசு பூண்டுக்குக் கீழே எதையும் மதிப்பதில்லை. கடைசியில் புத்தளம் டவுனில் ஒரு நகைக்கடைக்காரர் இரக்கப்பட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்த தராசைத் துடைத்து முன்னால் வைத்தார். கல்யாணத்துக்கு மாலை பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் மாலையை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டது.

"என்ன மாணிக்கமா?" என்று ஒரு பெண்மணி காதோடு கேட்டார்.

"காவிளாய் வெத" என்றார் கடைக்காரர் மெல்ல, நோயாளியைப் பற்றிச் சொல்கிற குரலில்.

பன்னிரண்டு பொட்டலம். நூறு நூறாக எண்ணிப் போட்டேன். சிவப்பும் வெள்ளையும் எடையிலும் ஒன்றாகவே இருந்தன. கடைக்காரர் ஒவ்வொரு பொட்டலத்தையும் தோடு கட்டும் ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூட என் விதைகளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அறைக்கு வந்து நெறியாளரை அழைத்தேன். "இந்த வருஷமும் வித்தியாசமே இல்லைங்க" என்றேன்.

"ரெண்டு வருஷம் ஒரே மாதிரி வந்தா அதுதாம்மா விடை. வாயு கூடினாலும் காய்ப்பு மாறாதுன்னு எழுதிடுங்க. முதல் வருஷத்துல ஏதோ கோளாறு. அதை விட்டுடலாம்."

முதல் வருடத்தில் கோளாறு என்றால் என் கோளாறு. அந்த வருடம்தான் நான் கூடவே இருந்தேன். மூன்று மாதம் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, காலை ஐந்தரை மணிக்கே எழுந்து சிலிண்டர் திருகி, ஒரு செடியையும் நோட்டம் விடாமல் இருந்ததில்லை. நான் இல்லாத இரண்டு வருடம் சரி, நான் இருந்த ஒரு வருடம் தவறு. இதை நினைத்து நினைத்து அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் சாயங்காலம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதிவிட்டேன். எழுதியதும் ஒரு நிம்மதி வந்ததை மறைக்கமாட்டேன். விடை பிடிக்கிறதோ இல்லையோ, முடிந்ததே போதும் என்றிருந்தது.

நான்காம் நாள் ரஹ்மா தாத்தா பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பெருநாளுக்கு நான் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காம். பாயை விரித்து, நடுவில் சஹனை வைத்தார்கள். சஹன் என்றால் அகலமான ஒரு தட்டு. அதில் மஞ்சள் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அந்த ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவார்கள். நானும் ரஹ்மா தாத்தாவும் அவர்களுடைய கல்யாணமான மகள்மார் இருவரும் ஒரு சஹனில். ஹனீபா நாநா மருமகன்மாரோடு அடுத்த அறையில் ஒரு சஹனில். நடுவில் ஒரு திரைச்சேலை. எங்கள் வீட்டில் என் தட்டிலிருந்து என் மகன் ஒரு அப்பளத்தை எடுத்தாலே எனக்குக் கோபம் வரும். இங்கே யார் பக்கத்துச் சோறு யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவர் கையும் எல்லை தாண்டவில்லை. தாண்டியது ஒன்றுதான். ரஹ்மா தாத்தா தன் பக்கத்து இறைச்சியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"நோன்புல வந்திருந்தா கஞ்சி குடிச்சிருப்பீங்க" என்றார் அவர். "ஆனா இந்த மனிசன் நோன்புல எங்களுக்கு உதவமாட்டாரு. பாங்கு சொல்லப் போகுதெண்டா நாங்க பேரீச்சம்பழத்தோட குந்திக்கிட்டு இருப்பம். இவரு ஒங்கட செடிக்குத் தண்ணி தூக்கிக்கிட்டு ஓடுவாரு."

மகள்கள் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்தேன். பிறகு என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான்" என்றார் ரஹ்மா தாத்தா.

நான் திரைச்சேலையைப் பார்த்துக் கூப்பிட்டேன். "நாநா! எந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தினீங்க?"

"வெள்ளத் துணி கட்டினதுக்கு" என்று பதில் வந்தது, கொஞ்சமும் தயக்கமில்லாமல். "நோன்பு மாசம் மட்டுந்தான், டீச்சர். நோன்பு தொறக்கிற நேரம்."

"சிவப்புக்கு?"

"செவப்புக்கு எதுக்கு? அதுகளுக்கு நாமதானே காலயில காஸ் குடுக்கிறம். அது சாப்பாடுதானே. வெள்ளைக்குத்தான் ஒண்டுமில்ல."

நோன்பு இந்த வருடங்களில் மாசி, பங்குனியில் வருகிறது. மார்கழி மழை ஓய்ந்து, மணல் வறண்டு, காவிளாய் காய் பிடிக்கிற மாதம் அதுதான். 

"யார் உங்களை ஊத்தச் சொன்னாங்க?"

திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் கை கழுவும் சத்தம் கேட்டது. ஹனீபா நாநா வாசலுக்கு வந்து, திரையை ஒதுக்காமல், அதற்கு அப்பால் நின்று பேசினார்.

"வெளியில நிக்கிற செடியெண்டா அது அதுட பாடு, டீச்சர். அல்லாஹ் பாத்துக்குவான். இதுகள நாமதானே அடைச்சு வெச்சிரிக்கிறம். அப்ப அது அமானிதம், நம்மள நம்பி வெச்ச பொருள். அடைச்சு வெச்ச உசிர் பகல் முழுக்க ஒண்டுமில்லாம நிக்கக்கொள்ள, நான் மட்டும் போய்த் தண்ணி குடிச்சு நோன்பு தொறக்க ஏலுமா? நாளைக்கு மறுமையில என்னயத்தானே கேப்பான்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "ஒங்களயும் கேப்பான்."

"மத்த மாசமெல்லாம்?"

"மத்த மாசம் நானும் பகல்ல குடிக்கிறன். அதுகட நெனப்பு வாறதில்ல. பிழைதான்."

நான் கத்தினேன். அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஒருவர் வீட்டில், அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, அவர் மகள்கள் முன்னால் கத்தினேன். செடி மனிதனில்லை, அதற்கு நோன்பும் இல்லை, பெருநாளும் இல்லை என்றேன். உங்களுக்குக் கிடைத்த நன்மைக்கு என் மூன்று வருடத்தைக் கொடுத்துவிட்டேன் என்றேன். இரண்டு கூட்டத்துக்கும் வாயுவைத் தவிர எந்த வித்தியாசமும் இருக்கக்கூடாது என்று எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்டேன். கேட்கும்போதே, அப்படி ஒரு தரமாவது சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கழுதை வரக்கூடாது, ஆடு வரக்கூடாது, சிலிண்டர் தீரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. காட்டுச்செடிக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

மகள்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ரஹ்மா தாத்தா இன்னொரு துண்டு இறைச்சியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒவ்வொரு நாளும் போன் எடுத்தீங்க, டீச்சர்" என்றார் ஹனீபா நாநா. குரலை உயர்த்தவில்லை. "காஸ் இரிக்கா, கழுத வந்திச்சாண்டு கேட்டீங்க. நான் என்ன செய்யிறண்டு ஒரு நாளும் கேக்கல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

 தலையைக் குனிந்து சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

சோறு உள்ளே போகப் போகத்தான் மூளை வேலை செய்தது. இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்துதான் செடி இந்த வாயுவை உள்ளே இழுக்கிறது. திறந்தால் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போய்விடும். காற்றில் வாயு கூடுதலாக இருந்தால் செடி வாயை அவ்வளவு திறக்கவேண்டியதில்லை, தண்ணீர் மிச்சமாகிறது. வறண்ட மணலில், காய் பிடிக்கிற மாதத்தில், அந்த மிச்சம்தான் காயாகிறது. இதை மாணவர்களுக்கு வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். சிவப்புச் செடிகளுக்கு என் சிலிண்டர் எதை மிச்சப்படுத்திக் கொடுத்ததோ, அதையே வெள்ளைச் செடிகளுக்கு இந்த மனிதர் கையால் ஊற்றியிருக்கிறார். அதனால்தான் இரண்டும் சமமாகக் காய்த்தன. முதல் வருடம் கூண்டுகள் என் பொறுப்பில் இருந்தன, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அப்படியென்றால் அந்த வருடத்தில் கோளாறே இல்லை. வாயு காய்ப்பைக் கூட்டத்தான் செய்தது. 'மாறாது' என்று நேற்று நான் எழுதிய வாக்கியம்தான் பொய்.

ஆனால் இதைச் சொல்ல அவர் ஊற்றியது எவ்வளவு என்று தெரியவேண்டும். ஒரு நாள் ஒரு வாளி, ஒரு நாள் ஒரு கை என்றால் மூன்று வருடமும் குப்பைக்குத்தான்.

"நாநா, எவ்வளவு ஊத்துவீங்க? எதுல அளந்தீங்க?"

ரஹ்மா தாத்தா எழுந்துபோய் அரிசிச் சாக்குக்குள்ளிருந்து சுண்டை எடுத்துவந்தார். சுண்டு என்பது இங்கே அரிசி அளக்கும் தகரக் குவளை.

"ஒரு உசிருக்கு ஒரு சுண்டு. தல தட்டி" என்றார் ஹனீபா நாநா. "பங்கு வெக்கிறதெண்டா சரியா வெக்கணும். ஒண்டுக்குக் கூட, ஒண்டுக்குக் குறையண்டா அதுக்குக் குடுக்காமயே இரிக்கலாம்."

"தினமுமா?"

"பாங்குச் சத்தம் கேட்டா ஊத்துவன். ஒரு நாளும் தப்பல்ல. போன வருசம் நாளைக்கு ஆறு சுண்டு. இந்த வருசம் ஏழு."

எனக்கு மறுபடி எரிச்சல் மூண்டது. இவ்வளவு சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் கவிழ்த்துவிட்டாரே. "வெள்ளைக் கூண்டு ஆறுதானே நாநா? ஏழாவது சுண்டு யாருக்கு?"

"வெள்ள நாலுல ரெண்டு பேரு இரிக்கிறாங்களே" என்றார் அவர். "முந்தாநாள் நீங்க எண்ணக்கொள்ள அதத்தான் சொல்ல வந்தன். கதைக்க வேணாமெண்டிட்டீங்க."

கையைக் கழுவியும் கழுவாமலும் எழுந்தேன். வெள்ளை நான்கின் முன்னால் போய் மண்டியிட்டேன். இந்த வருடம் கூண்டு வைத்தது அவர்தான். நான் வீடியோவில் பார்த்து 'சரி' என்று சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு காற்று அடித்த மணல் செடியின் அடியை நாலு விரல் ஆழத்துக்கு மூடியிருந்தது. மேலே பார்த்தால் ஒரே புதர். கையால் மணலை ஒதுக்கினேன். ஒரு தண்டு. இன்னும் ஒதுக்கினேன். அதிலிருந்து ஒரு விரல் தள்ளி, தனி வேரோடு, இன்னொரு தண்டு. இரண்டும் மேலே போய்க் கிளை கோத்துக்கொண்டிருந்தன.

மூன்று முறை காய் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு கிளைக்கும் நூல் கட்டியிருக்கிறேன். தாவரவியலில் இருபத்திரண்டு வருட அனுபவம். செடி எத்தனை என்று நான் எண்ணவில்லை.

நோட்டை எடுத்து, நான் சிவப்பு மையால் அடித்த எண்ணை இரண்டால் வகுத்தேன். மற்ற ஐந்தோடு அது அப்படியே போய் உட்கார்ந்தது. ஒரு உயிருக்கு ஒரு சுண்டு என்று அவர் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. என் அளவுக் குழாயில் சுண்டு நிறையத் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன். என் சிலிண்டர் நான்கு மணி நேரம் சீறிச் சீறிக் கொடுத்ததும், அந்தி நேரத்து மஃரிப் பாங்குக்கு இவர் ஊற்றிய தகரக் குவளையும், இந்த மணலில் ஏறக்குறைய ஒரே நிறை. நான் எழுத நினைத்த அத்தியாயம் இதுவல்ல. இரண்டு பருவமும் ஆறு செடியும் வைத்துக்கொண்டு பெரிய வாய் பேசவும் முடியாது. மழை வருடத்துக்கு வருடம் மாறும், அதையும் எழுதவேண்டும். ஆனாலும் இதுதான் நடந்தது.

ஹனீபா நாநா வேலியோரம் நின்றார். கழுதை அவருக்குப் பின்னால் நின்றது.

"நாநா, கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"அது பரவால்ல. அப்ப அடுத்த நோன்புக்குக் குடுக்கவா, வேணாமா? அத மட்டும் தெளிவாச் சொல்லுங்க."

"அடுத்த நோன்புக்குக் கூண்டே இருக்காது நாநா. திட்டம் முடிஞ்சுது. நாளைக்கு எல்லாத்தையும் கழட்டிடுவோம்."

அவர் பன்னிரண்டு கூண்டையும் ஒருமுறை பார்த்தார். "அப்ப சரி" என்றார். "வெளியில நிண்டா அதுட பாடு."

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் பொலித்தீனை அவிழ்த்துச் சுருட்டினோம். கழுதை யாருக்கும் காத்திருக்காமல் உள்ளே வந்து மேய ஆரம்பித்தது, யாரும் விரட்டவில்லை. நான் நோட்டைத் திறந்தேன். மூன்று வருடமாக முதல் பக்கத்தில் 'வெள்ளை: செடிகள் ஆறு, வெறும் காற்று' என்று எழுதியிருந்தது. ஆறை அடித்து, இந்த வருடத்துக்கு ஏழு என்று எழுதினேன். பக்கத்தில், 'நோன்பு மாதம் முழுவதும் செடிக்கு நாளுக்கு ஒரு சுண்டு தண்ணீர், கொடுத்தவர் ஹனீபா' என்று சேர்த்தேன்.